புத்தாண்டிரவும் இலத்தீன் இசையும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவிலே, தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்தது புசல்லாவை. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வூரின் ஓசைகள் அளவானவை. கோவில் மணி, பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு, வளைவுதோறும் பேருந்துகள் எழுப்பும் ஒலி, கொழுந்து நிறுக்குமிடத்துப் பேச்சு என்பனவே அவை. ஆயின் ஆண்டில் இருமுறை இவற்றையெல்லாம் அமிழ்த்திக்கொண்டு வேறோர் ஓசை எழுகின்றது. சித்திரைப் புத்தாண்டையொட்டி நுவரெலியாவின் வசந்தகாலக் காட்சிகளைக் காணச் செல்வோர், பேருந்துக்குள்ளேயே மேளங்கொட்டிக் கைதட்டிப் பைலா பாடிக்கொண்டு இத்தெருவைக் கடந்து செல்வர். டிசெம்பர் 31ஆம் நாளிரவிலோ விடுதிகளிலும் மண்டபங்களிலும் இசைக்குழுவினர் கிற்றாரும் கொங்கா மேளமும் முழக்க, இளைஞர் நள்ளிரவு வரை ஆடிப் புத்தாண்டை வரவேற்பர்.

இவ்வாட்டத்தைப் பற்றி மலைநாட்டுத் தமிழரிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுச்சென்ற பழக்கம், நமக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்பது முதியோர் கூற்று. இது புதுநாகரிகம், உலகோடு ஒத்துப் போவதே அறிவு என்பது இளையோர் கூற்று. முன்னவர் பழிக்கின்றனர், பின்னவர் புகழ்கின்றனர். ஆயினும் இவ்விசை துரைமாருடையது என்னும் ஓர் எண்ணத்தில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. துரைமார் ஆடினர் என்பது மெய்யே, ஆக்கியவர் அவரல்லர். இலத்தீன் இசை என இன்று வழங்குவது பெரும்பாலும் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்த அடிமைகளும் கூலிகளும் படைத்த இசையாகும். புசல்லாவையைப் போன்றதொரு தோட்டப்புறத்திலே இச்செய்தி எண்ணிப் பார்க்கத் தக்கது.

முதற்கண் ‘இலத்தீன்’ என்னும் அடைமொழி விளக்கம் வேண்டுவது. இலத்தீன் பண்டை உரோமரின் மொழி. அதன் வழிவந்த ஸ்பானியமும் போத்துக்கேயமும் கடல் கடந்து சென்று வேரூன்றிய அமெரிக்க நாடுகளை இலத்தீன் அமெரிக்கா என்பர். அந்நாடுகளில், ஐரோப்பியரின் நரம்புக் கருவிகளும் பாட்டு வடிவங்களும், ஆபிரிக்கரின் தாளமும், பழங்குடியினரின் குடுக்கைக் கருவிகளும் கலந்து பிறந்ததே இலத்தீன் இசை. இலங்கைக்குள் இது இரண்டு வாயில்களால் நுழைந்தது. ஒன்று பதினாறாம் நூற்றாண்டின் கடல்; மற்றது இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டும் வானொலியும். முதல் வாயிலாற் புகுந்தது அமெரிக்காவைத் தொடாமலே வந்ததெனினும், ஐபீரியப் பாட்டும் ஆபிரிக்கத் தாளமும் கூடிய அதே கலப்பினது. ஆதலின் இரண்டையும் உடன்பிறந்தன என்னலாம்.

போத்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி நீங்கியும் அவர் சொற்கள் நீங்கவில்லை. ஈழத்துத் தமிழர் காலையிலே பாண் உண்டு, சப்பாத்து அணிந்து, அலுமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பாடசாலை சென்று வாங்கில் அமர்ந்து, மேசைமேல் தாளை வைத்துப் பேனையால் எழுதுகின்றனர். இவற்றுள் பாண், சப்பாத்து, அலுமாரி, சாவி, வாங்கு, மேசை, பேனை என்னும் ஏழும் போத்துக்கேயம் தந்தவை. சொற்களைப் பெற்றுக்கொண்ட நாவை எவரும் பழிப்பதில்லை. தாளத்தைப் பெற்றுக்கொண்ட காலையே பழிக்கின்றனர்.

போத்துக்கேயர் தம்முடன் ஆபிரிக்கரையும் கொணர்ந்தனர். அடிமைகளாகவும் படைவீரராகவும் வந்த அம்மக்களுள் ஒருசாரார் கண்டி அரசிலும் இருந்தனர். 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடும்வரை கண்டி நாட்டிலே வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் 1681இல் வெளியிட்ட நூலிலே, இரண்டாம் இராசசிங்கன் தன் மெய்க்காவலுக்கு ஆபிரிக்கரையே மிக நம்பியிருந்தான் எனக் குறித்துள்ளார். பின்னர்ப் பிரித்தானியரும் ஆபிரிக்கரைக் கொண்டு ஒரு படைப்பிரிவை அமைத்தனர். அவ்வீரரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். ‘மஞ்ஞா’ எனப்படும் அவர்தம் பாட்டிலே சில அடிகளே மீளமீள வரும். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைவு கூடும். மேளத்துடன் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் போத்தலும் தாளக் கருவிகளாகும். கருவி வாங்க வழியற்றவரின் இசை என்பதை அச்சிரட்டை ஒன்றே காட்டிவிடும்.

மட்டக்களப்பிலே போத்துக்கேயர் வழிவந்த பறங்கியர், தச்சும் கொல்லும் தையலும் செய்து வாழ்ந்த எளிய மக்கள். திருமண வீடுகளிலே வயலினும் றபானும் ஒலிக்க அவர்கள் இணையிணையாக ஆடும் ஆட்டம் ‘கபரிஞ்ஞா’ எனப்படும். ஆபிரிக்கரைக் குறித்த சொல்லோடு, சிறுமையையோ செல்லத்தையோ காட்டும் போத்துக்கேய விகுதி சேர்ந்து அப்பெயர் பிறந்தது. பெயரிலேயே ஆபிரிக்கரும் ஐரோப்பியரும் கைகோத்து நிற்றல் காண்க. றபானோ மலாய் நாட்டுக் கருவி. ஆக ஒரு கலியாண வீட்டு ஆட்டத்துக்குள் மூன்று கடல்களின் வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

‘பைலா’ என்னுஞ் சொல் ஆடுதலைக் குறிக்கும் போத்துக்கேய வினையடியிலிருந்து வந்தது. மேற்குக் கரையிலே கபரிஞ்ஞாவின் தாளம் சிங்களப் பாட்டுக்கு இசைந்து பைலாவாயிற்று. இதற்கு நிலைத்த வடிவம் தந்தவராகப் போற்றப்படுபவர் வொலி பஸ்தியன் (1914–1985). பொலிஸ் சேவையிலே பணியாற்றிய இவர், 1940களிலே கிற்றாருடன் சிங்களப் பாட்டுகளைக் குழுவாகப் பாடும் முறையை வளர்த்தார். பல்லவியைக் கூட்டமே சேர்ந்து பாடும். சரணத்தை ஒருவர் பாடுவார். பின்னாளில் எம். எஸ். பெர்னாண்டோ இதனை நாடறிந்த இசையாக்கினார்.

பைலாவின் ஒரு வகை ‘வாதப் பைலா’ என்பது. பாடகர் இருவர் மேடையில் எதிரெதிர் நின்று, கொடுத்த பொருள்பற்றி அவ்விடத்திலேயே அடிகட்டிப் பாடி ஒருவரை ஒருவர் மடக்குவர். யாப்புப் பிழைத்தாலும் விடை தாழ்த்தாலும் தோல்வி. தமிழருக்கு இது புதிதன்று. தமிழகத்துக் காமன் பண்டிகையிலே, காமன் எரிந்தானா எரியவில்லையா என இரு கட்சியாகப் பிரிந்து டேப்பு முழக்கி வாதிடும் லாவணி இத்தகையதே. வயற்புறத்து எசப்பாட்டும் இவ்வினத்தது. மாசியிலே காமன் கூத்தாடும் மலைநாட்டுத் தோட்டமொன்றின் முதியவர், மொழி விளங்காவிடினும் வாதப் பைலா மேடையை ஒருமுறை கண்டால், நடப்பது இன்னதென உடனே உணர்ந்துகொள்வார்.

தாளத்தின் அமைப்பையும் சிறிது நோக்குதல் வேண்டும். பைலா தமிழர் செவிக்கு ஏன் இத்துணை எளிதாகப் பிடிபடுகின்றது என்பதற்கு விடை அங்கேயே உள்ளது. மேனாட்டு முறையில் இதனை எட்டில் ஆறு என எழுதுவர். ஒரு சுற்றில் ஆறு சிற்றெண்ணிக்கைகள் உள. அவற்றை மும்மூன்றாகப் பிரித்தால் இரண்டு பெருந்தட்டுகள் கிடைக்கும். இவ்விரண்டாக எண்ணிச்செல்லும் மேளத்துக்கு எதிராகக் கிற்றாரோ குரலோ அவ்வாறையும் இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று தட்டாக ஓட்டும். இரண்டும் மூன்றும் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வதாலேயே கேட்போரின் தோளும் இடுப்பும் தாமே அசைகின்றன. முதற்பிரிவு நமக்கு நன்கு பழகியது. ‘தகிட தகிட’ என்று சொற்கட்டிற் கூறும் திச்ர நடை அது. கும்மி அந்நடையிற் செல்லும். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துகளுக்கும் அந்நடையே உயிர். தைப்பூசத்திலே காவடிக்குப் பின்னால் ஆடிச்செல்லும் இளைஞனும், டிசெம்பர் இறுதி இரவிலே பைலா ஆடும் இளைஞனும் ஒருவனே ஆகலாம். அவன் கால்கள் அறிந்துவைத்திருப்பதை அவன் வாய் அறிந்து சொல்வதில்லை. இதனாற் கும்மியிலிருந்து பைலா பிறந்தது என்றோ, பைலா தமிழருடையது என்றோ வாதிடுவது அறியாமை. மும்மூன்றாய் எண்ணும் நடை உலகிற் பல மக்களுக்குப் பொதுவானது. பழக்கப்பட்ட வாயிலில் விருந்தினன் எளிதில் நுழைந்தான் என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

இனி, இரண்டாம் வாயில். அதன் கதை கியூபாத் தீவின் கரும்புத் தோட்டங்களிலே தொடங்குகின்றது. ஆபிரிக்காவிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் விலைப்பொருளாக ஆங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1847 முதல் சீனத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். கியூபாவில் அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1886இலேதான். அடிமைகளுக்கு ஆண்டிலே ஒருநாள் தனிச்சிறப்புடையது. அது சனவரி 6ஆம் நாள். குழந்தை இயேசுவை மூன்று அரசர் வணங்கிய திருநாள். அன்று ஹவானா நகரத்து ஆபிரிக்கர் தத்தம் இனக் குழுக்களாகத் திரண்டு, முகமூடியும் வைக்கோல் ஆடையும் அணிந்து, மேளங்கொட்டித் தெருக்களில் ஆடிச்சென்று, ஆளுநர் மாளிகை முற்றத்திலே பரிசுக்காசு பெறுவர். மறுநாள் மீண்டும் அடிமைகள். புத்தாண்டை ஒட்டிய அந்த ஒருநாள் விடுதலையில் ஒலித்த மேளமே பின்னைய கியூப இசையின் தாய்மடிகளுள் ஒன்று. 1880களில் அவ்வூர்வலம் நிறுத்தப்பட்டது.

புசல்லாவைப் பகுதியினர்க்கு இச்செய்தி எங்கேயோ கேட்டதுபோல் தோன்றின் வியப்பில்லை. இவ்வூரை அடுத்த ரொத்சைல்ட் தோட்டம் இலங்கைத் தோட்ட வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறுவது. ரொத்சைல்ட் குடும்பத்து உறவினரான வோம்ஸ் சகோதரர், 1840களின் தொடக்கத்திலே ஆங்குக் கோப்பிப் பயிர் செய்ததோடு, சீனத்திலிருந்து கொணர்ந்த தேயிலைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்தனர். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிலே தேயிலையை வணிகப் பயிராக வளர்க்கத் தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்னர் நிகழ்ந்தது இது. கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் உழைக்கத் தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து வந்தனர். அவர்கள் அடிமைகள் அல்லர். எனினும் கங்காணியின் கடனும் துண்டு முறையும் அவரைத் தோட்டத்தோடு பிணைத்தன. அவர் கையோடு வந்த கருவி தப்பு. விடியற்காலையில் லயங்களிலுள்ளோரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் அதே தப்பு; திருநாளில் ஆடவைத்ததும் அதே தப்பு. பண்டிகை நாட்களிலே மாலையும் எலுமிச்சம்பழமும் ஏந்தித் துரை பங்களா முற்றத்துக்குச் செல்லும் வழக்கமும் மலைநாட்டில் இருந்தது. ஹவானா ஆளுநரின் முற்றமும் துரை பங்களாவின் முற்றமும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டிலும் வேலைக்காரர் ஆடவும் அதிகாரம் காணவும் ஓர் ஏற்பாடு இருந்தது.

கியூபாவுக்கு மீள்வோம். மேளம் அங்கே பல வேளைகளில் அடக்கப்பட்டது. மேளம் இல்லாதபோது துறைமுகத் தொழிலாளர் கருவாட்டு மீனும் மெழுகுதிரியும் வந்திறங்கிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்துத் தட்டினர். அப்பெட்டியே ‘கஹோன்’ என்னும் கருவியாயிற்று. கைக்கு அடக்கமான இரு வைரமரக் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டி எழுப்பும் ‘கிளாவே’ என்னும் ஐந்தடித் தாளம், ஒருபுறம் மூன்றும் மறுபுறம் இரண்டுமாய் அமைந்து, கியூப இசை முழுவதுக்கும் முதுகெலும்பாய் நிற்கின்றது. உலர்ந்த குடுக்கையில் விதையிட்டுக் குலுக்குவது மறாக்கா. வரிவரியாக வெட்டிய குடுக்கையைக் குச்சியாற் சுரண்டுவது குவீரோ. சாந்தியாகோ நகரத்துத் திருவிழாவிலே சீனக் கூலிகள் கொண்டுவந்த இரட்டை நாக்குக் குழல் இன்றும் முன்னே செல்லும். அதன் குரலை நாதசுரத்தின் இளைய உறவு என்னலாம். ஒல்லியான கருவிகள், ஒடுங்கிய முற்றங்கள்: இவற்றிலிருந்தே ரும்பா எழுந்தது. திரினிடாட் தீவிலும் இவ்வாறே. 1880களில் ஆங்கே மேளத்தைத் தடுத்தபோது மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளமிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அணுகும் வேளையில் வெற்று எண்ணெய்ப் பீப்பாய்கள் இன்னிசைக் கருவிகளாயின. அத்தீவுக்கும் 1845 முதல் இந்தியக் கூலிகள் சென்றனர் என்பது மறத்தற்குரியதன்று.

இம்முற்றத்து இசை உலக மண்டபங்களுக்குள் ஏறியது ஒரு கடலை வியாபாரியின் கூவலால். மொய்சேஸ் சிமோன்ஸ் இயற்றிய ‘எல் மனிசேரோ’, அதாவது ‘கடலை விற்பவன்’ என்னும் பாட்டை 1930இல் டொன் அஸ்பியாசுவின் ஹவானா இசைக்குழு நியூயோர்க்கிலே இசைத்தட்டிற் பதித்தது. அத்தட்டு விற்றுத் தீர்ந்தது. அதன்மேல் அச்சிட்ட ‘ரும்பா’ என்னும் பெயர், எழுத்துச் சிறிது மாறி, ஐரோப்பா அமெரிக்கா எங்கும் பரவிற்று. உண்மையிலே அது ரும்பா அன்று, ‘சொன்’ என்னும் வேறு வகை. மண்டபத்து ரும்பாவுக்கும் முற்றத்து ரும்பாவுக்கும் பெயரொற்றுமையே மிகுதி. 1940களின் இறுதியிலே பெரஸ் பிராடோவின் மாம்போவும், 1950களின் தொடக்கத்திலே என்ரிக்கே ஹொரீனின் சா-சா-சாவும் தொடர்ந்தன. தென் அமெரிக்கத் துறைமுகச் சேரிகளிலே பிறந்த தங்கோவோ இவற்றுக்கு முன்னரே பாரிசு வழியாக உயர்குடியினரின் ஆட்டமாகிவிட்டது.

இவ்வாறாக, கொழும்பிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் இருந்த பெருவிடுதிகளிலும் துரைமார் கிளப்புகளிலும், வால்ஸ் நடனத்துக்கு நடுவே ரும்பாவும் தங்கோவும் இடம்பெறலாயின. புத்தாண்டு இரவே அவற்றுக்கு உச்சவேளை. கரும்புத் தோட்டத்து அடிமையின் பேரர் ஆக்கிய இசைக்குத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஆட, மலைச்சரிவின் கீழே லயத்துக் காம்பராக்களிலே கொழுந்தெடுப்போர் மறுநாட் பிரட்டை எண்ணி உறங்கிய இரவுகள் அவை. ஆடியவருக்கும் அது தெரியாது. உறங்கியவருக்கும் அது தெரியாது. இன்றும் சனவரி முதல் நாள் இலங்கையிற் பொது விடுமுறை அன்று; ஆடிக் களைத்தோர் துயில்கையில் கொழுந்துக் கூடைகள் மலையேறத்தான் செய்கின்றன.

புத்தாண்டு இரவின் ஆட்டம் கியூபாவின் அரசியலையே ஒருமுறை தொட்டதுண்டு. 1958 டிசெம்பர் 31ஆம் நாளிரவு படைமுகாமில் புத்தாண்டு விருந்தளித்துக்கொண்டிருந்த ஆட்சியாளன் பற்றிஸ்ரா, விருந்தினர் கலையுமுன்னே வானூர்தியேறி நாட்டைவிட்டு ஓடினான். 1959 சனவரி முதல் நாள் ஹவானா மக்கள் ஆடியது புத்தாண்டுக்கு மட்டுமன்று.

இலங்கைப் பொதுமக்களிடம் இவ்விசையைச் சேர்ப்பித்தது வானொலி. 1944இல் மவுன்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். கண்டி நகரம் பன்னாட்டுப் படையினரால் நிறைந்தது. அவர்களோடு அக்காலத்து ஆட்ட இசையும் வந்தது. படையினர்க்கென அமைந்த வலிமைமிக்க ஒலிபரப்புக் கருவிகள் போருக்குப்பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. 1950களில் அதன் வர்த்தக ஒலிபரப்புத் தென்னாசியா எங்கும் கேட்டது. 1956இல் ஹரி பெலபொன்ரேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு வெளியாயிற்று. அதன்பின் இலங்கை இளைஞர் கிற்றாரும் கொங்கா மேளமும் தாங்கிச் சிறு குழுக்களாகத் திரண்டனர். அவர்கள் சூடிய பெயர்களைப் பாருங்கள். நெவில் பெர்னாண்டோவின் குழு ‘லொஸ் கபலேரோஸ்’. நோயல் ரணசிங்கவின் குழு ‘லா சிலோனியன்ஸ்’. மற்றொன்று ‘லொஸ் முச்சாச்சோஸ்’. பாடியவை சிங்களப் பாட்டுகள். தாளம் ஆங்கிலம் பேசும் திரினிடாட்டின் கலிப்சோ. பெயர் மட்டும் ஸ்பானியம். ‘லா சிலோனியன்ஸ்’ என்பதிலே ஸ்பானிய ஒருமைக் குறி ஆங்கிலப் பன்மைச் சொல்லின் முன் வந்து நிற்கின்றது. இலக்கண ஆசிரியர் சிவப்பு மையைத் தேடுவார். கேட்டு மகிழ்ந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

தமிழும் பின்தங்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம் போன்றோர் பைலாவின் தாளத்திலே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை அமர்த்திப் பொப்பிசைப் பாடல்களைப் பாடினர். ‘சின்ன மாமியே’ ஈழத்தவர் வாழுமிடமெங்கும் பரவிற்று. ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைச் சிங்களமும் தமிழும் விரவப் பாடித் தமிழகத்தையும் ஆடவைத்தார். இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்திலே 1977இல் அப்பாட்டு இடம்பெற்றது. மனோகரன் 2018இல் சென்னையிற் காலமானார். சென்னைக் கல்லூரி விழாவிலே அப்பாட்டுக்கு ஆடும் மாணவர், போத்துக்கேயரும் ஆபிரிக்கரும் மேற்குக்கரை மீனவரும் சேர்ந்து வகுத்த தாளத்துக்கு ஆடுவதை அறியார்.

முதியோரின் மறுப்பிலே பொருளே இல்லை என்றல் நேர்மையன்று. புத்தாண்டு இரவு பலவிடத்துக் குடிக்கு ஒரு சாக்காகின்றது. சம்பளமும் முற்பணமும் ஒரே இரவிற் கரைந்து, தைப்பொங்கலுக்குக் கடன்படும் குடும்பங்கள் உள. பைலாப் பாட்டுகளுட் சில பெண்களை எள்ளி நகைப்பதையே பொருளாகக் கொண்டவை. நள்ளிரவு கடந்தும் அலறும் ஒலிபெருக்கி, நோயாளர்க்கும் தேர்வுக்குப் படிப்போர்க்கும் துன்பம். இக்குறைகள் கண்டிக்கத்தக்கன. ஆனால் இவை தாளத்தின் குறைகள் அல்ல. தமிழ்த் திரைப்பாட்டை முழக்கினும் இவை இருக்கும்.

கவலைக்குரியது வேறொன்று உண்டு. கியூபாவிலும் முற்றத்து ரும்பா நெடுங்காலம் கீழ்மக்கள் கூத்தென்று இகழப்பட்டது. பின்னர் அந்நாடு அதனைத் தன் செல்வமென ஏற்றது. 2016இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிந்தது. மலைநாட்டின் தப்புக்கோ அத்தகைய ஏற்பு முழுமையாகக் கிட்டவில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலே பித்தளைக் கருவிகள் முழங்கப் பைலா வாசிக்க மாணவர்க்குப் பயிற்சி உண்டு. தப்பைத் தொட்டுப் பழகும் வாய்ப்போ அரிது. தப்படித்தல் ஒரு சாதியின் கடமை எனவும், சாவுவீட்டுக்கே உரியது எனவும் ஒதுக்கப்பட்டதே காரணம். ஆதலின் தப்புக் கலைஞரின் மக்களுட் பலர் அக்கருவியை வெறுத்து நீங்குகின்றனர். அவரைக் குறைகூறல் தகாது. பிறர்வீட்டுச் சாவுக்குக் கட்டாயத்தாற் சென்று அடித்த தந்தையைக் கண்ட மகன், ‘கலை அழிகின்றதே’ என்று எவரேனும் சொல்லக் கேட்டால் கசப்பாகவே சிரிப்பான். கட்டாயம் நீங்கி, விரும்பிய எவரும் பயிலும் கருவியாகத் தப்பு மாறினாலன்றி அவன் அதனைத் திரும்பிப் பாரான். மேளத்தை அடிமையின் அடையாளமாகக் கண்ட கியூபர், அதனை எல்லோர்க்கும் உரிய கருவியாக ஏற்ற முறை இங்கு நோக்கத்தக்கது. ஹவானாவின் தேசிய இசைப் பள்ளிகளில் இன்று எவ்வினத்துப் பிள்ளையும் கொங்கா பயிலலாம்.

இரு கருவிகளுக்குமிடையே ஓர் ஒற்றுமை உண்டு. பழைய கொங்காவிலும் பொங்கோவிலும் தோலை மரத்தோடு ஆணியடித்து இறுக்கியிருந்தனர். தளர்ந்த தோலுக்குச் சுருதி ஏற்ற ஒரே வழி தீயிற் காட்டுவதே. ஆதலின் ஆட்டம் தொடங்குமுன் முற்றத்திலே சிறு தீ மூட்டுவர், அன்றேல் விளக்கின் வெம்மையிற் பிடிப்பர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இரும்பு வளையமும் திருகாணியும் வந்தபின் அத்தீ அணைந்தது. மலைநாட்டிலே, பனி இறங்கும் இரவுகளில், தப்படிப்போர் இன்றும் கோவில் வெளியின் ஓரத்திலே வைக்கோலும் காகிதமும் கொளுத்தித் தப்பின் முகத்தைக் காய்ச்சி, விரலாற் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறிவிட்டதென்று கண்ட பின்னரே ஆட்டத்துக்கு எழுகின்றனர்.